வெயிலில் அளந்த தண்டு

பாக் தார்முஜியின் உள்ளங்கைகளுக்குச் சூடு தெரியாது. சர்க்கரை ஆலைப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் காய்ந்த இரும்பைத் தொட்டுத் தொட்டுத் தோல் செத்துப்போயிருந்தது. கொதிக்கிற காப்பித் தம்ளரைக் கையில் பொத்திக்கொண்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவருக்குத்தான் பதறும்.

"உங்க கைக்கு நரகத்துலகூட வேலை கிடைக்கும் பாக்," என்பான் பைதின். மூத்த ஆண்களைப் 'பாக்', மூத்த பெண்களை 'இபு', இளைஞர்களை 'மாஸ்' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை.

"கிடைக்கட்டும்டா. நீயும் அங்கதானே வருவே. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்ல."

பைதின் ஐந்தாவது ஆலையில் எண்ணெய் விடுகிறவன். எங்கள் சர்க்கரை ஆலையில் கரும்பு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து இடத்தில் பிழியப்படும்; அந்த ஒவ்வொன்றையும் 'ஆலை' என்றுதான் சொல்வோம். ஐந்தாவதுதான் கடைசி. தார்முஜியின் வேலை அந்த ஐந்துக்கும் உருளை கட்டுவது.

உருளை ஒரே துண்டு இல்லை. நடுவில் எஃகுத் தண்டு, அதன்மேல் வார்ப்பிரும்புக் கூடு. கூட்டின் துளை தண்டைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். கூட்டைக் குழிக்குள் நிறுத்திச் சுற்றிலும் தீ வைத்தால் அது விரியும். விரிந்திருக்கிற சில நிமிஷங்களுக்குள் தண்டைக் கிரேனில் தூக்கி நேராக உள்ளே இறக்கிவிட வேண்டும். பிறகு கூடு ஆறும், சுருங்கும், தண்டைப் பிடித்துக்கொள்ளும். வேறு ஆணியோ பற்றவைப்போ கிடையாது. அந்தப் பிடியை நம்பித்தான் மொத்தக் கரும்பும் உள்ளே போகிறது.

பட்டறையில் ஒரு மில்லிமீட்டரை நூறாக உடைத்து எண்ணுவார்கள். தலைமயிர் ஒன்று ஏழெட்டு வரும். எங்கள் உருளைக்குத் துளை, தண்டைவிட நாற்பத்தைந்து குறைவாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் கூடு ஆறும்போதே வெடிக்கும். போதாவிட்டால் பிடி நழுவும்.

இதற்காகத் தார்முஜி ஒரு வழக்கம் வைத்திருந்தார். கூடும் தண்டும் ஒரே கொட்டகையில் ஓர் இரவு முழுக்கக் கிடக்க வேண்டும். விடிந்ததும், காப்பிகூடக் குடிக்காமல் வந்து இரண்டையும் அளப்பார். அளந்த அட்டையில் மணியையும் இடத்தையும் எழுதுவார். கேட்டால், "ரெண்டும் ஒரே பாயில படுத்து எந்திரிச்சாத்தான் ஒண்ணோட குணம் ஒண்ணுக்குத் தெரியும்," என்று கண்ணடிப்பார். அவர் மனைவி வீட்டு வாசலில் கீரையும் கடலைக் குழம்புமாகச் சோறு விற்பவர். "இந்தப் பேச்சுக்குத்தான் ரெண்டு மாப்பிள்ளையும் வீட்டுக்கு வர்றதில்ல," என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

நானும் அந்தக் குடியிருப்பில் பிறந்தவன்தான். அப்பா கரும்பு ரயிலில் கட்டு ஏற்றினார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மலாங்கில் இயந்திரவியல் முடித்துவிட்டு இதே ஆலையின் திட்ட அறையில் உதவிப் பொறியாளனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தார்முஜி வழக்கம் என்று செய்ததை நான் சூத்திரமாகப் படித்திருந்தேன். இரண்டும் ஒரே விஷயம் என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம் அரவை தொடங்கும் நாள் லெகி வெள்ளிக்கிழமை, அதாவது ஐந்து நாள் சந்தை வாரத்தின் லெகி நாளும் கூடி வருகிற வெள்ளி என்று குறித்தார்கள். அன்றைக்குத்தான் கரும்புக் கல்யாணம். ஒரு வயலிலிருந்து மாப்பிள்ளைக் கரும்பு, இன்னொரு வயலிலிருந்து பெண் கரும்பு. பேர் வைத்து, உடுத்தி, ஊர்வலமாகக் கொண்டுவந்து, முதல் கரும்பாக ஆலைக்குள் விடுவார்கள். குறித்த நேரத்தில் அது நடக்காவிட்டால், படையலில் குறை இருந்தால், ஆலை ஓர் ஆளைக் கேட்கும் என்பது இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மேலாளர் பாக் ஹந்தோயோ ஊருக்குப் புதியவர். மாவட்டத்துப் பெரிய மனிதர்களை அழைத்திருந்தார். அவர்களுக்குப் பந்தல் போட உருளைக் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். உள்ளே கிடந்த தண்டுகள் எல்லாம் சிமெண்டு முற்றத்துக்குப் போயின. அந்த வாரம்தான் ஐந்தாவது ஆலையின் மேல் உருளையில் விரிசல் கண்டுபிடித்தார்கள். கூட்டை மாற்றியாக வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. புதுக் கூடு லேத்தில், நிழலில், மின்விசிறிக்குக் கீழே. தண்டு வெளியே, இரண்டு நாள் வெயிலில்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஹந்தோயோ முற்றத்துக்கு வந்தார்.

"என்ன பாக், இன்னும் தொளை முடிக்கலையா?"

"தண்டை உள்ள போட்டு நாளைக்குக் காலைல அளந்துடறேன் பாக். வெயில்ல கிடக்கு."

"உள்ள எங்க போடுவீங்க? விருந்தாளிங்க உக்கார்ற எடத்துலயா? நாளைக்கு அளந்து, நாளன்னிக்குத் தொளை போட்டு, எப்ப சூடு வைப்பீங்க, எப்ப மாட்டுவீங்க?"

"ஒரு ராத்திரிதான்…"

"தேதிய நான் வைக்கல. உங்க ஊருப் பெரியவங்க வெச்சது. அதை மாத்தச் சொல்றீங்களா?"

அதற்கு மேல் தார்முஜியால் பேச முடியவில்லை. தேதியை மாற்றச் சொல்கிற ஆள் அவர் இல்லை. அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

அவர் தண்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான் என்று கை சொன்னது. தண்டை அங்கேயே அளந்து, வெயிலுக்கு நான்கு கழித்துக்கொண்டார். அந்த அளவிலிருந்து நாற்பத்தைந்து குறைத்துத் துளை போடச் சொன்னார். அட்டையில் எழுதினார்: பதினொன்று நாற்பது, வெளி முற்றம்.

அன்றைக்கு நான் அந்தத் தண்டைத் தொட்டிருந்தால் கையைப் படக்கென்று எடுத்திருப்பேன். நான் தொடவில்லை. குடை பிடித்துக்கொண்டு ஹந்தோயோவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வியாழக்கிழமை கூட்டைச் சூடேற்றித் தண்டை இறக்கினார்கள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. "பாக் கைபட்டா வெண்ணெயில கத்தி," என்று பைதின் கை தட்டினான். தார்முஜி சிரிக்கவில்லை. கொஞ்சம் லேசாகப் போனதோ என்று நினைத்ததாக என்னிடம் பிறகு சொன்னார்.

படையல் சோறு சமைத்தது பைதினின் மனைவி வார்சினி. கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, முழுக்கோழி, ஏழு வகைப் பொரியல். குடியிருப்பில் கைப்பக்குவம் உள்ளவள் என்று அவளைத்தான் கேட்டார்கள். மூன்று வயது மகள் லஸ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டே கிளறினாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணக் கரும்பு குறித்த நேரத்துக்கு உள்ளே போனது. கைதட்டல், கெண்டாங் மேளம், சாப்பாடு. கடைசி ஆலையில் சக்கையிலிருக்கும் மிச்சத் தித்திப்பை எடுக்க மேலிருந்து வெந்நீர் விடுவார்கள். இரண்டு மணி நேரம் வெந்நீர் பட்டதில் கூடு சூடாகி விரிந்தது. உள்ளேயிருந்த தண்டு அந்த வேகத்தில் சூடாகவில்லை. ஏற்கெனவே குறைவாக இருந்த பிடி விட்டுப்போனது. தண்டு உள்ளே சுற்ற, கூடு மட்டும் நின்றது. சக்கை மலைபோல் அடைத்துக்கொண்டது.

எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். பந்தலில் விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மெதுவா ஓடட்டும், நிறுத்தாதீங்க, சக்கைய இழுத்துவிடுங்க," என்று மேலாளரிடமிருந்து ஆள் வந்து சொன்னான். வெந்நீரை மூடினார்கள். அடைப்பு இளக ரப்பர்க் குழாயில் பச்சைத் தண்ணீரை அடித்தார்கள். உருளை அசையாமல் நின்றதைப் பார்த்துப் பைதின் கொக்கியோடு உள்ளே குனிந்தான். பச்சைத் தண்ணீரில் கூடு சுருங்கியது. மறுபடி தண்டைப் பிடித்துச் சுற்றியது.

எஞ்சினை நிறுத்திய பிறகும் மேளம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தலில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பைதினின் சாவுக்கு ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அன்று காலை வார்சினிக்கு மாதவிலக்கு. விடியற்காலையில், பாதிச் சமையலில் வந்திருக்கிறது. வேறு ஆள் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தையும் சமைத்து முடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

பைதினின் அம்மா இபு சாரினெம் அடக்கம் முடிந்த கையோடு லஸ்மியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். "எம் பையனைத் தின்ன கையால இந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டக் கூடாது," என்றார். வார்சினி வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. மறுநாளும் போனாள். அவள் சண்டை போடவில்லை. தன்னால்தான் என்று அவளும் நம்பினாள்.

விபத்து நடந்த மறுநாள் காலை தார்முஜியும் நானும் ஐந்தாவது ஆலைக்குப் போனோம். ஒவ்வொரு உருளையின் முகத்திலும் கூட்டிலிருந்து தண்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்போம். பிடி இருக்கும்வரை கோடு நேராக இருக்கும். அங்கே கோடு இரண்டாக இருந்தது. தண்டிலிருந்த பாதி ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாஸ், அந்த வெயிலுக்கு எவ்வளவு கழிச்சிருக்கணும்?"

அது ஒரு வரிக் கணக்கு. "பதினஞ்சு, பாக்."

"நான் நாலு கழிச்சேன்."

"பதினொண்ணு கொறைஞ்சிருக்கு."

"ஒண்ணரை மயிர்," என்றார். கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஹந்தோயோ என்னை அழைத்தார். "அட்டைல என்ன இருக்கு?"

"நாப்பத்தஞ்சு பாக். ஆனா…"

"அட்டைல இருக்கறதை எழுதிக் கையெழுத்துப் போடு. ஆனாவையெல்லாம் அட்டைல எழுதியிருக்கா?"

மணியும் இடமும் எழுதியிருந்தன. அவற்றை நான் தலைமை அலுவலகத்துக்கான விபத்துக் குறிப்பில் சேர்க்கவில்லை. "உருளைப் பொருத்தம் விதித்த அளவில் இருந்தது" என்று எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கூலி போய் மாதச் சம்பளம் வந்தது அந்த வேலையால்தான். அதை இங்கே காரணமாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

தார்முஜி முப்பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் இருந்தது ஆலை கொடுத்த வீடு. வேலை போனால் அதுவும் போகும். இரண்டு வருஷத்தில் ஓய்வூதியம். அவர் மனைவி என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "ராத்திரி எந்திரிச்சு உக்காந்து கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கார். என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல தூங்குங்கறார்." அந்த நாட்களில் வார்சினி தினமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் மகளைப் பார்க்கப் போவாள், பார்க்காமல் திரும்புவாள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பதாம் நாள் ஓதலுக்குச் சாரினெம் வீட்டில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓதி முடிந்ததும் தார்முஜி எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"பைதின் செத்தது சோத்தால இல்ல," என்றார். "என்னாலதான். செவ்வாய்க்கிழமை தண்டை வெயில்ல வெச்சு அளந்தேன். சூட்டுல அது பருத்திருந்துச்சு. எங்கைக்கு அது தெரியல. தொளை பெருசாயிடுச்சு. பிடி நிக்கல. வார்சினி மேல ஒரு தப்பும் இல்ல. பிள்ளைய அவகிட்ட குடுத்துருங்க."

யாரோ ஒருவர் கையில் கிராம்பு போட்ட கிரெட்டெக் சிகரெட் தானாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து சாரினெம் வந்தார்.

"எத்தனை வருஷமா உருளை கட்டறீங்க பாக்?"

"இருபத்தெட்டு."

"இதுக்கு முன்னாடி எத்தனை நழுவுச்சு?"

"ஒண்ணும் இல்ல இபு."

"இருபத்தெட்டு வருஷம் தப்பாத கை, அன்னிக்கு மட்டும் எப்படித் தப்பும்?" அவர் குரல் உயரவில்லை. "உங்க கைய மரக்க வெச்சது யாரு? கண்ணைக் கட்டினது யாரு? வெள்ளிக்கிழமை சமைக்கும்போதுதான் தீட்டா? அவ சமைக்கணும்னு மனசுல நெனச்ச அன்னிக்கே படையல் கெட்டுப்போச்சு. நீங்க நல்லவர். அதனால பழிய வாங்கிக்கறீங்க."

"இல்ல இபு. எங்கைல தோல் செத்துப்போச்சு. அவ்வளவுதான். யாரு வேணா வந்து தொட்டுப் பாருங்க."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். தொட ஒருவரும் வரவில்லை. பெரியவர் ஒருவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "தங்கமான மனுஷன்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவருடைய வாக்குமூலத்தை அவருடைய நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டு பொட்டலங்களோடு வீட்டுக்குப் போனார்கள். அவரும் ஒரு பொட்டலத்தோடுதான் போனார். மறுக்க முடியாதே.

அவர் சொன்னதை ஒருத்திதான் நம்பினாள். மறுநாள் காலை வார்சினி அவர் வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நெசமா பாக்?"

"நெசம்தாம்மா."

"எவ்வளவு தப்பா அளந்தீங்க?"

அவர் சொல்லத் தயங்கினார். பிறகு தன் நரைத்த தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். "இது மாதிரி ஒண்ணரை."

வார்சினி அதைக் குனிந்து பார்த்தாள். "நாப்பது நாளா எங்கைய நான் வெட்டிக்கலாமான்னு பார்த்துட்டிருந்தேன்," என்றாள். "நீங்க கதவுக்குப் பின்னாடி நின்னு என்னையப் பார்த்துட்டிருந்தீங்க. எனக்கு உங்க நிழல் தெரியும் பாக்."

தார்முஜி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிடப் போனார்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் தரமாட்டேன். எம் பிள்ளை எனக்கு வரணும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

அவர் அன்றைக்கே ஹந்தோயோவிடம் போனார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"என்னைய வேலைய விட்டு எடுங்க பாக். தப்புப் பண்ணினேன்னு காகிதத்துல எழுதி எடுங்க. அப்பதான் ஊரு நம்பும்."

ஹந்தோயோ அவரை உட்காரச் சொன்னார். சொந்த அப்பாவிடம் பேசுவது மாதிரிப் பேசினார். "உங்களை எடுத்தா தப்பு நடந்துச்சுன்னு ஆகும் பாக். தப்பே நடக்கலைன்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதியாச்சு. உங்க மாஸ்தான் கையெழுத்துப் போட்டிருக்கார். ரெண்டு வருஷம் எடைமேடையில நிழலா உக்காருங்க. ஓய்வூதியத்தை வாங்கிட்டுப் போங்க."

தார்முஜி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

வார்சினி ஊர்த் தலைவரிடம் போனாள். அவர் ஆலையைக் கேட்டார். ஆலை என் குறிப்பின் நகலை அனுப்பியது. "படிச்ச பிள்ளை கையெழுத்து. அளவு சரியா இருந்துச்சுன்னு போட்டிருக்கு," என்று அவர் தார்முஜியிடம் காட்டினார். "நீங்க வயசானவர் பாக். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." குழந்தை சாரினெமிடமே இருக்கட்டும், தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்கட்டும் என்று முடிவானது.

சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வார்சினி சுராபாயாவுக்குச் செருப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் போன ஒரு மாதம் கழித்து நான் ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய் அட்டையைக் காட்டி, மணியையும் இடத்தையும் காட்டி, கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மாஸ், அளவு சரின்னு எழுதினதும் நீ. சரியில்லேன்னு சொல்றதும் நீ. நாளைக்கு வேற சொல்லுவே," என்றார். அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் ஊரில் இருந்தபோதே நான் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் என்னோடு வந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் இப்போது வேறு ஊரில், வேறு ஆலையில் இருக்கிறேன். தார்முஜி ஓய்வு பெற்றுக் கால்வாய்க் கரையில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து சாரினெம் வீட்டுக்குப் போகிறார். சாரினெம் அவரைத் தடுப்பதில்லை. மகனுடைய சிநேகிதர், நல்லவர். காப்பி போட்டுக் கொடுக்கிறார். அவர் லஸ்மியை எதிரில் உட்கார வைத்து, அவள் அப்பா எப்படிச் செத்தான் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கதை. அவளுக்கு ஒன்பது வயது.

போன தடவை ஊருக்குப் போனபோது நானும் அவரோடு போனேன். லஸ்மி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாதி கவனத்தோடு கேட்டாள். கதை முடிந்ததும், "எனக்கு இது மனப்பாடம் பாக்," என்றாள்.

"சரி, சொல்லு. அம்மா சமைச்ச சோத்துல ஏதாவது தப்பு உண்டா?"

"இல்லைன்னு நீங்க சொல்றீங்க."

"நான் சொல்றது இருக்கட்டும். நீ என்ன நெனைக்கறே?"

அவள் உள்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க ரொம்ப நல்லவராம். அம்மாவுக்காகப் பொய் சொல்றீங்களாம். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவீங்களாம்."

தார்முஜி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமைம்மா," என்று ஆரம்பித்தார். "தண்டு முற்றத்துல கிடந்துச்சு."